கருவாட்டுக்கு எக்ஸ்ரே எடுத்தவள்

எங்கள் ஆஸ்பத்திரியின் எக்ஸ்ரே ரூமுக்குள் முனகிக்கொண்டு போகிறவர்கள் அலறிக்கொண்டுதான் வெளியே வருவார்கள். பக்கத்து அறையில் ரத்தம் கொடுக்க என் முன்னால் கை நீட்டி உட்கார்ந்திருப்பவர்கள் அந்தச் சத்தத்தைக் கேட்டு வெளிறிப்போய், "அங்க இன்னாங்க பண்றாங்க?" என்பார்கள். "போட்டோ எடுக்கறாங்க" என்பேன். வேறு என்னத்தைச் சொல்ல?

அங்கே எக்ஸ்ரே எடுக்கிறவளை 'அவர்' என்று எழுதுவதுதான் மரியாதை. என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது மூத்தவள். ஆனால் கை வரமாட்டேன் என்கிறது. அவளும் என்னை ஒருநாள்கூடப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. நான் லேப் டெக்னீஷியன் என்பதால் என் பெயர் 'ரத்தம்'. "ஏ ரத்தம், சோறு துன்னியாடி?" என்று சுவருக்கு அந்தப் பக்கமிருந்து கத்துவாள். பேஷன்டுகள் திடுக்கிட்டுப் போவார்கள்.

மரக்காணத்தில் உப்பளத்துக்குப் பிரிகிற ரோட்டில் ஏழெட்டுக் கட்டில் போட்ட தனியார் ஆஸ்பத்திரி அது. நான் கிளியனூரிலிருந்து பஸ் மாறி வருவேன். அவள் பொம்மையார்பாளையத்திலிருந்து ஈ.சி.ஆர். பஸ்ஸில் வருவாள். நல்ல உயரம். காலையில் வந்ததும், கதிர் மேலே படாமலிருக்கப் போடுகிற ஈய ஏப்ரனை மாட்டினால் போகும்போதுதான் கழற்றுவாள். மே மாத வெயிலில், கரண்ட் போன மத்தியானத்தில்கூட அந்தக் கனத்தைச் சுமந்துகொண்டுதான் சாப்பிடுவாள். கழற்றி வையேன் அக்கா என்றால், "மறுபடி மாட்டி வுட உங்கப்பனா வருவான்?" என்பாள். அவளிடம் நல்ல வார்த்தை எதிர்பார்க்கிறவர்கள் வேறு ஊருக்குத்தான் போக வேண்டும்.

உப்பு லாரியிலிருந்து விழுந்த லோடுமேன் ஒருவனை ஒருநாள் தூக்கி வந்தார்கள். தோள்பட்டையில் அடி. ஒரு படம் எடுத்தாயிற்று, இன்னொரு பக்கமும் வேண்டும் என்று அவன் கையைப் பிடித்து வெளிப்பக்கமாகத் திருகினாள். அவன் அவளுடைய அம்மாவை இழுத்துத் திட்டினான். விட்டாள் பாருங்கள் ஓர் அறை! அடிபட்டதே மறந்துபோயிருக்கும் அந்த ஆளுக்கு. "கத்து. எவ்ளோ வேணா கத்து. ஆடாத" என்றாள். இதுதான் அவள் எல்லோருக்கும் சொல்வது. கத்தினால் படம் கெடாது, ஆடினால் கெட்டுப்போகும். அந்த இரண்டாவது படத்தில்தான் மூட்டுக்குப் பின்னால் பிளந்திருந்த எலும்பு தெரிந்தது. அந்த லோடுமேன் பிறகு கட்டுப் போட்ட கையோடு அவளுக்கு இளநீர் வாங்கி வந்து கொடுத்தான்.

இதைக் கேட்டுவிட்டு அவளைத் தெய்வமாக்கிவிடாதீர்கள். விலா எலும்பு ஒடிந்து வந்த ஒரு கிழவருக்கு மூச்சைப் பிடித்து நிற்க முடியவில்லை. வலி. அவரால் எப்படி முடியும்? அவள் அவருடைய மோவாயைப் பிடித்து உலுக்கினாள். "புடிய்யா மூச்ச! புடின்றேன்ல?" என்று முகத்துக்கு நேரே கத்தினாள். அவர் குழந்தை மாதிரி அழுதுவிட்டார். நான் உள்ளே போய், "நீ மனுஷியா அக்கா?" என்று கேட்டேன். "இல்ல. போய் உன் வேலயப் பாரு" என்றாள். ஒரு வாரம் அவளோடு பேசவில்லை. அதை நான் இன்றைக்கும் மன்னிக்கவில்லை.

அவள் எங்கேயோ அடி வாங்கினவள், அதனால்தான் இப்படி என்று ஆஸ்பத்திரியில் பேசிக்கொள்வார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். ஒருநாள் சாப்பிடும்போது கேட்டும்விட்டேன். சோற்றுக் கையோடு சிரித்தாள். "என்னிய எவன்டி அடிப்பான்? எங்க வூட்டுக்காரன் ஒருக்கா கைய ஓங்கினான். நான் அடிச்ச அடியில ஓடினவன்தான், இன்னும் வரல." அவளுக்கு ஒரே பெண். டீச்சர் டிரெயினிங் படித்துக்கொண்டிருந்தது. அந்தப் பெண்ணைப் பற்றிப் பேசும்போது மட்டும் குரல் கொஞ்சம் இறங்கும்.

சுனாமி வந்துபோன மறுவருஷம் எங்கள் டாக்டர் புது மெஷின் வாங்கினார். ஃபிலிமைக் கழுவுகிற வேலை இனி இல்லை. படம் பதிகிற தட்டையான கேசட்டை ஒரு பெட்டிக்குள் செருகினால் கம்ப்யூட்டர் திரையில் படம் வந்துவிடும். டார்க் ரூமைக் காலி செய்து பெனாயில் டப்பாக்களை அடுக்கினார்கள். திரையில் படம் வந்ததென்னவோ உண்மை, ஆனால் படமெல்லாம் மணல் மணலாக இருந்தது. எங்கள் எக்ஸ்ரே டியூப் பழசு. அதிகக் கதிர் விட்டால் போய்விடும் என்று டாக்டருக்குப் பயம். சாயங்காலமானால் வோல்டேஜும் படுத்துவிடும். கதிர் குறையக் குறையப் படத்தில் புள்ளி அதிகமாகும். "இன்னாம்மா இது, எலும்பு மேல உப்பு தூவின மாரி இருக்குது?" என்று டாக்டர் முகத்தைச் சுளித்தார்.

கம்பெனியிலிருந்து ஓர் இஞ்சினியர் வந்தான். நல்ல பையன், கெட்டிக்காரன். இதற்குப் பெயர் நாய்ஸ், ஃபில்டர் போட்டால் போய்விடும் என்றான். படத்தில் எலும்பு இல்லாத வெற்று இடத்தில் ஒரு கட்டம் போட்டால், அதற்குள் எவ்வளவு மணல் இருக்கிறது என்று கம்ப்யூட்டரே ஓர் எண்ணைக் காட்டும். ஃபில்டரை ஏற்ற ஏற்ற அந்த எண் இறங்கிக்கொண்டே போனது. படம் பளிங்குத் தரை மாதிரி ஆகிவிட்டது. பேஷன்டோடு வந்தவர்கள் திரையைப் பார்த்து, "எங்க அப்பா எலும்பு எவ்ளோ அழகா இருக்குது பாருங்களேன்" என்றார்கள். அவளுக்கு அது பொறுக்கவில்லை. "அழகா வேணும்னா ஸ்டூடியோவுக்குப் போ. வூட்ல மாட்டி வச்சிக்கவா படம் எடுக்கறோம்?"

மறுநாள் ஒரு பொட்டலம் காரப்பொடி மீன் கருவாடும் நெத்திலிக் கருவாடும் கொண்டுவந்தாள். ரூமெல்லாம் கவிச்சி. தட்டையான பிளாஸ்டிக் டப்பாவில் தண்ணீர் ஊற்றி, அதுதான் உடம்புச் சதை என்று வைத்துக்கொண்டு, அதற்குள் கருவாட்டை முக்கி, கேசட் மேல் வைத்து எக்ஸ்ரே எடுத்தாள். டார்க் ரூமை மூடின கடைசி நாளில் ஒப்பிட்டுப் பார்க்க இதே மாதிரி கருவாட்டைப் பழைய ஃபிலிமில் எடுத்து வைத்திருந்தாள் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். பழைய ஃபிலிமில் காரப்பொடியின் விலா முள் ஒவ்வொன்றையும் விரல் வைத்து எண்ணலாம். ஃபில்டர் போட்ட படத்தில் நடுமுள் மட்டும் இருந்தது. நெத்திலி இருந்த இடத்தில் நெத்திலியே இல்லை.

"உன் நம்பர் கொறஞ்சிது. என் முள்ளும் கொறஞ்சிது. இப்ப சொல்லு, மணல அள்ளினியா, எலும்ப அள்ளினியா?" என்று இஞ்சினியரைக் கேட்டாள்.

"மேடம், மீனுக்கா படம் எடுக்கப் போறீங்க?" என்று அவன் சிரித்தான்.

டப்பாவோடு அந்தத் தண்ணீரைத் தூக்கி அவன் மேல் கொட்டிவிட்டாள். புதுச் சட்டை பாவம், கருவாட்டு நாற்றத்தோடு சென்னைக்குப் போக வேண்டும். ஆனால் அவன் கோபப்படவில்லை. முகத்தைத் துடைத்துக்கொண்டு நிதானமாகச் சொன்னான்: "மேடம், கதிர் அதிகமா குடுத்தா மணலே வராது, ஃபில்டரும் தேவயில்ல. அது உங்க டாக்டர் கையில இருக்குது. மெல்லிசாக் கோடு இருந்தா ஃபில்டர் அதையும் மணல்னு நெனச்சித் தொடச்சிடும், நெசந்தான். வேணும்னா பொருள கேசட்லேருந்து எட்டத் தூக்கி வச்சி எடுத்துப் பாருங்க. பெரிசா வுழும். பெரிசா வுழுந்த கோட்ட ஃபில்டரால தொடைக்க முடியாது. ஓரம் கொஞ்சம் மங்கும், கதிரும் கொஞ்சம் கூட வேணும். அதனால எல்லாருக்கும் அப்படிச் செய்யாதீங்க."

பிளாஸ்டிக் பக்கெட்டைக் கவிழ்த்து அதன்மேல் டப்பாவை வைத்தாள். பக்கெட்டுக்கு அடியில் தரையில் கேசட். கருவாடு பெரிசாக விழுந்தது, முள்ளும் திரும்பி வந்தது. அவள் அந்தப் பையன் தலையை ஈரத்தோடு தடவிக்கொடுத்தாள். நான் அவள் யாரையாவது தடவிக்கொடுத்துப் பார்த்தது அந்த ஒருமுறைதான்.

ஃபில்டரை இறக்கச் சொன்னாள், டாக்டர் கேட்கவில்லை. ஃபில்டர் அப்படியே இருக்கட்டும் என்று சொல்லி, அவள் கை வைக்காதபடி பாஸ்வேர்டு போட்டுப் பூட்டச் சொல்லிவிட்டார்.

அப்புறம் வந்தாள் காவேரி. உப்பளத்தில் உப்பு வாருகிறவள். முப்பது வயசுகூட இருக்காது. அந்த வருஷம் இரண்டு முறை வந்திருந்தாள். இரண்டு முறையும், "பாத்தியில வழுக்கி வுழுந்துட்டேன்" என்றாள். புருஷன்காரன் பக்கத்தில் நின்று, "கவனமா நடக்க மாட்டா சார்" என்பான். இரண்டு முறையும் படம் சுத்தமாக இருந்தது. வலி மாத்திரை கொடுத்து அனுப்பினோம்.

மூன்றாவது முறை எஸ்.ஐ.யோடு வந்தாள். உப்பு வாருகிற பலகையின் கழியைக் கழற்றி மண்டையைப் பார்த்து அடித்திருக்கிறான். அவள் இடது கையைக் குறுக்கே கொடுத்திருக்கிறாள். இந்த முறை வழுக்கி விழவில்லை என்று ஸ்டேஷனில் தானே போய்ச் சொல்லிவிட்டாள். எவ்வளவு நாள் யோசித்திருப்பாள் அதற்கு!

எஸ்.ஐ.க்கு ஒரே ஒரு விஷயம்தான் தெரிய வேண்டும். எலும்பு ஒடிந்திருந்தால் கொடுங்காயம், அவன் உள்ளே போவான். ஒடியாவிட்டால் சாதாக்காயம். பேசி முடித்து, எழுதி வாங்கிக்கொண்டு, அன்றைக்கே அவளை அவனோடு வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். வராந்தாவில் புருஷனும் அவன் அண்ணனும் நின்றுகொண்டிருந்தார்கள். காவேரி என் அறை வாசலில் குந்தியிருந்தாள். "வூட்டுக்கு அனுப்பினா இன்னிக்கே என்னக் கொன்னுடுவான் மேடம்" என்று என்னிடம் சொன்னாள். அழாமல் சொன்னாள்.

எங்கள் அக்கா எப்போதும் போல ஒரு படம் எடுத்தாள். திரையில் கை எலும்பு இரண்டும் வழுவழுவென்று இருந்தன. டாக்டர் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தார். "ஃபிராக்சர் ஒன்னும் தெரியல." எஸ்.ஐ. எழுந்தார்.

அக்கா முன்னால் வந்தாள். காவேரியின் முன்னங்கையை எடுத்து, எலும்போடு விரலை வைத்து, மணிக்கட்டிலிருந்து மேலே அழுத்திக்கொண்டே போனாள். நடுவில் ஓர் இடத்தில் காவேரி போட்ட கூச்சலில் எஸ்.ஐ.யே ஓர் அடி பின்னால் போனார்.

"இங்க இருக்குது" என்றாள். "இன்னொன்னு எடுக்கறேன் சார்."

"எடுத்தாச்சேம்மா" என்றார் டாக்டர்.

"நான் எடுக்கல. உங்க ஃபில்டர் எடுத்திச்சி."

காவேரியை உள்ளே இழுத்துப் போனாள். பக்கெட்டைக் கவிழ்த்தாள். கையை அதன்மேல் வைத்து, கோடு எந்தப் பக்கம் பார்த்திருக்கும் என்று கணக்குப் போட்டதுபோலச் சாய்த்துத் திருகினாள். "கத்து. ஆடாத." காவேரி கத்தினாள். அப்படி ஒரு சத்தம் நான் கேட்டதில்லை, ஆனால் கை ஆடவில்லை.

படம் எடுத்து முடித்துக் கதவைத் திறந்து, கேசட்டைக் கையில் எடுத்திருப்பாள். அதற்குள் புருஷன்காரன் என்னைத் தள்ளிவிட்டு உள்ளே பாய்ந்தான். "ஒருக்கா எடுத்தாச்சில்ல? எத்தினி தடவடி எடுப்பீங்க?" காவேரியின் மயிரைக் கொத்தாகப் பிடித்துத் தரையில் இழுத்தான். அவள் பக்கெட்டோடு சரிந்தாள். வயிற்றில் உதைக்கக் காலைத் தூக்கினான். அப்போதுதான் எங்கள் அக்கா கேசட்டை இரண்டு கையாலும் தலைக்கு மேலே தூக்கினாள். அவன் நிமிர்ந்து பார்த்து, சட்டென்று இடது கையைக் குறுக்கே கொடுத்தான். கேசட்டின் விளிம்பு அந்தக் கையில் இறங்கியது. சத்தம் எனக்குக் கேட்டது. அவன் அப்படியே உட்கார்ந்துவிட்டான். அவள் இரண்டாவது முறையும் ஓங்கினாள். நானும் எஸ்.ஐ.யும் சேர்ந்து பிடித்துக்கொண்டோம்.

கேசட் மூலை உடைந்திருந்தது. ஐயோ, படம் போச்சே என்றேன். அவள் அதைப் பெட்டிக்குள் செருகினாள். திரையில் படம் மெதுவாக இறங்கியது. ஓரத்தில் ஒரு வெள்ளைக் கீறல். நடுவில், பெரிசாக, காவேரியின் எலும்பு. அதன் குறுக்கே மயிரிழை மாதிரி கறுப்புக் கோடு. கையால் எட்டித் தொடலாம் போல் இருந்தது.

"பக்கெட்டு மேல வச்சா இல்லாத கோடெல்லாம் வரும் சார்!" என்று அண்ணன்காரன் குதித்தான். "பித்தலாட்டம் பண்றாங்க! என் தம்பி கைய ஒடச்சிட்டா பாருங்க, அதுக்கு இன்னா சொல்றீங்க?"

தம்பியின் கை அதற்குள் வீங்கிவிட்டது. டாக்டர் அவளை ஓரமாகக் கூப்பிட்டார். நான் பக்கத்தில்தான் நின்றேன். "எப்பவும் போல வச்சி எடு. ஃபில்டர் பாத்துக்கும்" என்றார் மெல்ல. கெட்ட மனசில்லை, அவளைக் காப்பாற்றத்தான் சொன்னார்.

அவள் அப்படியே எடுத்தாள். திரையில் அவன் எலும்பும் பளிங்காக வந்தது. ஒன்றும் இல்லை. டாக்டர் எஸ்.ஐ.யைப் பார்த்தார். அதோடு விட்டிருக்கலாம். விட்டிருந்தால் அவள் மேல் கேஸே இல்லை. டீச்சர் டிரெயினிங் படிக்கிற பெண் நிம்மதியாகப் படித்திருக்கும். நான் மனசுக்குள் கெஞ்சினேன், விடு அக்கா, விட்டுத் தொலை என்று.

"ரத்தம், அந்த பக்கெட்ட எடுத்துக் கவுத்து" என்றாள்.

அவன் கையைப் பக்கெட் மேல் வைத்து அதே மாதிரி சாய்த்து அதே மாதிரி திருகினாள். "கத்து. ஆடாத." ஊரே கேட்கிற மாதிரி கத்தினான். திரையில் படம் இறங்கியது. அதே இடத்தில் அதே மாதிரி ஒரு கோடு. இரண்டு படத்தையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்தாள்.

"ஒடிஞ்சிருக்குது சார். நான்தான் ஒடச்சேன். எழுதிக்கோங்க" என்றாள் எஸ்.ஐ.யிடம். பிறகு அண்ணன்காரனிடம் திரும்பினாள். "உன் தம்பி கை ஒடிஞ்சது நெசம்னா இவ கை ஒடிஞ்சதும் நெசம். பக்கெட்டு பொய்யின்னா ரெண்டும் பொய்யி. இன்னா சொல்ற?"

எஸ்.ஐ. டாக்டரைப் பார்த்தார். டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், ரொம்ப நேரம் துடைத்தார். "ரெண்டும் ஃபிராக்சர்தான்" என்றார் கடைசியில்.

அவள் ஏப்ரனைக் கழற்றி ஆணியில் மாட்டினாள். பகலில் அவளை ஏப்ரன் இல்லாமல் அன்றைக்குத்தான் பார்த்தேன். இவ்வளவு ஒல்லியானவளா என்று இருந்தது. அதற்குப் பிறகு அவள் எங்கள் ஆஸ்பத்திரிக்கு வேலைக்கு வரவில்லை, வரவும் விடமாட்டார்கள். ஆனால் டாக்டர் கொஞ்ச நாளில் அந்த இஞ்சினியரை வரவழைத்து ஃபில்டரை இறக்கச் சொன்னார். படங்கள் மறுபடி மணலடித்துப் போயின.

நான் கடைசியாக அவளைப் பார்த்தது, ஏப்ரனைக் கழற்றி மாட்டின அன்றைக்குச் சாயங்காலம் ஸ்டேஷனில். சாட்சி சொல்ல நானும் போயிருந்தேன். காவேரிக்கு மாவுக்கட்டுப் போட்டிருந்தார்கள். அண்ணன்காரன் இப்போது ரொம்ப நல்லவனாகப் பேசினான். ஒரு கேஸுக்கு எதிர்க்கேஸ், இந்தப் பக்கம் அது வழக்கம்தான். "எதுக்குங்க ரெண்டு குடும்பத்துக்கும் அலைச்சல்? காவேரி வாபஸ் வாங்கட்டும், நாங்களும் இந்த அம்மா மேல குடுத்தத வாபஸ் வாங்கிக்கறோம்" என்றான். எஸ்.ஐ. காவேரியைப் பார்த்து, "நீதாம்மா சொல்லணும்" என்றார்.

காவேரி எழுந்து எங்கள் அக்காவிடம் வந்தாள். "நான் வாபஸ் வாங்கிக்கறேங்க்கா. உனக்குப் பொண்ணு இருக்குது, வேல இருக்குது. என்னால நீ எதுக்கு ஜெயிலுக்குப் போவணும்? எனக்கு அடி வாங்கிப் பழக்கந்தான்."

பளார் என்று அறைந்தாள். காவேரியை. ஒடிந்த கையோடு நிற்கிறவளை! ஸ்டேஷனே திரும்பிப் பார்த்தது. "பழக்கமாம்டி, பழக்கம்!" என்று கத்தினாள். அவள் குரல் உடைந்து நான் கேட்டதே இல்லை, அன்றைக்கு உடைந்தது. எனக்கு அவளைப் பிடித்துக் கீழே தள்ள வேண்டும் போலவும் இருந்தது, கட்டிக்கொண்டு அழ வேண்டும் போலவும் இருந்தது.

"ஏம்மா, ஸ்டேஷன்ல வச்சே அடிக்கிறியா நீ!" என்று எஸ்.ஐ. மேஜையைத் தட்டினார்.

"அத்தயும் எழுதிக்கோங்க சார்" என்றாள்.

காவேரி கன்னத்தைப் பிடித்துக்கொண்டு அவளையே பார்த்தபடி நின்றாள். பிறகு எஸ்.ஐ. மேஜைக்குப் போனாள். "வாபஸ் வாங்கலீங்க. எங்க கையெழுத்து போடணும்?" என்று கேட்டு, கட்டுப் போடாத கையால் பேனாவை வாங்கிக்கொண்டாள்.